மோட்டாரை மாற்றாமல் ஓடிய டார்ஜிலிங் இன்ஜின்

நாரோ கேஜ் (குறுகிய பாதை) மாடல் இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால் உடனே வரும் ஆலோசனை, "மோட்டாரை மாத்திடுங்க" என்பதுதான். கோர்லெஸ் மோட்டார் போடு, கியரை மாற்று, ஃபிளைவீல் வை என்று செலவு நீண்டுகொண்டே போகும். நான் அந்த வழிக்குப் போகவில்லை. மொத்தமே நான்கு சக்கரம் உள்ள ஒரு குட்டி இன்ஜினுக்கு முதல் தேவை தண்டவாளத்திலிருந்து மின்சாரம் அறுபடாமல் வந்து சேர்வது. அது சரியானால் சாதாரண மோட்டாரே நத்தை வேகத்தில் ஓடும். அது சரியாகாவிட்டால் எந்த மோட்டாரும் உதவாது. இங்கே சொல்லப்போகும் இன்ஜினில் வாங்கும்போது இருந்த அதே மூன்று துருவ மோட்டார்தான் இன்றும் இருக்கிறது. மாறியதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவைதான்.

முதலில் அளவுக் கணக்கு. ஓஓ9 என்பது நாரோ கேஜ் மாடல்களின் ஓர் அளவுமுறை. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மி.மீ. அதாவது 1:76.2. தண்டவாள அகலம் 9 மி.மீ. டார்ஜிலிங் ரயில்பாதை 2 அடி அகலம் என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் 8 மி.மீ. வர வேண்டும். அந்த 1 மி.மீ. வித்தியாசத்தை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காரணம் எளிது. 9 மி.மீ. என்பது என் கேஜ் (N gauge) என்ற இன்னும் சிறிய அளவு மாடல்களின் தண்டவாள அகலம். என் கேஜுக்காகத் தயாரான சேசிஸ் (அடிச்சட்டம்), சக்கரம், மோட்டார் எல்லாம் அப்படியே கைக்கு வரும். மேலே பெரிய அளவில் ஓர் உடலைப் பொருத்தினால் நாரோ கேஜ் இன்ஜின் ஆகிவிடும். 1960களில் ஜெர்மனியின் எக்கர்-பான் நிறுவனம் 1:87 அளவில் இதே 9 மி.மீ. தண்டவாளத்தில் குட்டி வயல்வெளி ரயில்களை விற்றது. அன்றிலிருந்து இந்த வழக்கம் நிற்கவில்லை.

இன்று பாக்மன், ஹெல்யான், பெக்கோ போன்றவர்கள் தயார்நிலை ஓஓ9 இன்ஜின்களையே விற்கிறார்கள். முதல் உலகப்போர்க் காலப் பால்ட்வின், வேல்ஸ் கற்சுரங்கத்து ஹன்ஸ்லெட், லின்டன் - பார்ன்ஸ்டேபிள் பாதையின் மேனிங் வார்டில் எல்லாம் அழகானவை, ஓட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது டார்ஜிலிங்கின் பி கிளாஸ். 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி கட்டத் தொடங்கிய வகை அது. பிறகு நார்த் பிரிட்டிஷ், அமெரிக்காவின் பால்ட்வின், தின்தாரியாவில் இருக்கும் ரயில்வேயின் சொந்தப் பட்டறை என்று கைமாறி மொத்தம் 34 இன்ஜின்கள் வந்தன. கொதிகலன் மேல் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி, அதற்கும் ஓட்டுநர் கூண்டுக்கும் நடுவே நிலக்கரிப் பெட்டி, 26 அங்குலச் சக்கரம் நான்கே நான்கு. மாடல்காரன் கண்ணில் பார்த்தால் இதைவிடத் தொல்லையான இன்ஜின் கிடையாது. தொல்லை எங்கே என்று தெரிந்துவிட்டால் வேலை சுவாரசியமாகிவிடும்.

லேஅவுட், அதாவது தண்டவாளம் பதித்த மாடல் நிலப்பரப்பு, எங்கள் சென்னை ஃபிளாட்டின் ஹாலில், சுவரோரம் 2.1 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலப் பலகை. இதில் டார்ஜிலிங்கைத் தேர்ந்தெடுத்தது ஆசைக்காக மட்டுமல்ல, வடிவக் கணிதத்துக்காகவும்தான். அங்கே அகனி பாயிண்ட் என்ற இடத்தில் பாதை ஏறக்குறைய 60 அடி ஆரத்தில் சுற்றிக்கொண்டு மேலேறும். 60 அடியை 4 மி.மீ. கணக்கில் மாற்றினால் 240 மி.மீ. பெக்கோவின் செட்டிராக் என்ற ஆயத்த ஓஓ9 தண்டவாளத்தின் வளைவு 9 அங்குல ஆரம், அதாவது 228 மி.மீ. வேறு எந்தப் பெரிய ரயில்வேயை எடுத்தாலும் வீட்டு லேஅவுட்டின் வளைவு கேலிக்குரிய அளவுக்கு இறுக்கமாகத் தெரியும். இங்கே மட்டும் நிஜமே அவ்வளவு இறுக்கம்.

240 மி.மீ. ஆரத்தில் ஒரு முழுச்சுற்று 1508 மி.மீ. நீளம். நிஜப் பாதையில் ஏற்றம் பல இடங்களில் 25 அடிக்கு ஓர் அடி. மாடலில் இறுக்கமான வளைவின் உராய்வும் சேர்ந்துகொள்ளும் என்பதால் நான் 30க்கு 1 என்று வைத்தேன். சுற்றின் முடிவில் 50 மி.மீ. உயரம் கிடைக்கிறது. பாலத்தின் தடிமன் 8 மி.மீ. போக 42. இன்ஜின் 40க்குள் அடங்கிவிடும், கீழே தாராளமாக நுழையும். இந்தச் சுற்றை (லூப்) தாண்டி ஓர் இசட் ரிவர்ஸ். ரயில் முன்னால் போய் முட்டுச்சந்தில் நின்று, பின்னோக்கித் தள்ளி ஏறி, மறுபடியும் நின்று முன்னால் போகும் அந்த ஏற்பாடு. இரண்டையும் வைத்தால் பலகை நிறைந்துவிட்டது. ஸ்டேஷன் என்று சொல்ல ஒரு பிளாட்பாரமும் தகரக் கூரையும் மட்டும்தான்.

சேசிஸ் விஷயத்துக்கு வருவோம். ஓஓ9 ஆட்களில் பலர் கேட்டோவின் சிறிய நான்கு சக்கர மோட்டார் சேசிஸை எடுப்பார்கள். டீசல் இன்ஜினுக்கும் டிராமுக்கும் அது நல்ல தேர்வு. பி கிளாஸில் சக்கரங்களை இணைக்கும் சைட் ராட் வெளியே தெரிய வேண்டும் என்பதால், ராட் உள்ள ஒரு பழைய என் கேஜ் டாங்க் இன்ஜினைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அதன் சக்கரம் அசலுக்கு வர வேண்டிய 8.7 மி.மீ.யைவிடச் சின்னதுதான். பக்கவாட்டுப் படிகளைச் சற்றுத் தாழ்த்தியதில் கண்ணுக்குத் தெரியவில்லை.

உள்ளே ஸ்பிளிட் சேசிஸ். இடது பாதி, வலது பாதி என்று இரண்டு துத்தநாக வார்ப்புத் துண்டுகள், நடுவில் நைலான் வாஷர் வைத்து ஸ்குரூ போட்டிருக்கும். அச்சும் இரண்டு துண்டுதான், நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் அவற்றை இணைக்கிறது. இடது தண்டவாளத்தின் மின்சாரம் இடது சக்கரம், இடது அச்சுத் துண்டு, இடது சேசிஸ் பாதி என்று ஏறி நேராக மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷைத் தொடும். வயரே கிடையாது. தயாரிப்பாளருக்கு மலிவு, நமக்குத் தலைவலி. அச்சு சுழலும் இடத்தில் பழைய எண்ணெய் கறுத்துப் போய் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் அந்தக் கறுப்பைக் கடந்து வர வேண்டும்.

பிரித்தவுடன் செய்த முதல் சோதனை இது. சேசிஸை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பஸ் டிக்கெட்டைச் சொருகிப் பார்ப்பது. மூன்று சக்கரம் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும், நான்காவது விட்டுவிடும். ஆடாத நான்கு கால் நாற்காலி செய்வது எவ்வளவு கஷ்டமோ அதே கஷ்டம்தான். தண்டவாளமோ கண்ணாடி போல் தட்டையாக இருக்காது. ஏற்றத்தில், வளைவில், பாதை பிரியும் பாயிண்டில் எங்கேயாவது நான்கில் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அதே நேரம் அந்தப் பக்கத்து இன்னொரு சக்கரம் ஒரு தூசியின் மேல் ஏறினால் இன்ஜின் நின்றுவிடும்.

இதற்குப் பழைய வைத்தியம் உண்டு. ஓர் அச்சை நடுவில் ஊஞ்சல் போல் ஆடவிட்டால் நான்கும் எப்போதும் தொடும். இந்தச் சேசிஸில் மோட்டார் திருப்பும் திருகு போன்ற வோர்ம் கியர் பின் அச்சை மட்டும்தான் சுழற்றுகிறது. முன் அச்சு சைட் ராட் மூலமாகவே திரும்புகிறது. அதனால் முன் அச்சை ஆடவிட்டாலும் கியருக்குப் பாதிப்பு இல்லை. முன் அச்சு உட்காரும் பள்ளத்தை ஊசி அரத்தால் மேல்நோக்கி 0.3 மி.மீ. அளவுக்குத் தேய்த்தேன். அச்சின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை மேலிருந்து லேசாக அழுத்தும்படி 0.3 மி.மீ. ஸ்பிரிங் கம்பி ஒன்று. பிளாஸ்டிக்கைத் தொடுவதால் ஷார்ட் ஆகும் பயமில்லை. சக்கரங்களைக் கழற்றும்போது இரு பக்கத்து ராட் பின்களும் 90 பாகை விலகி இருப்பதை மார்க்கர் கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் திரும்பினாலும் மாட்டிய பிறகு இன்ஜின் நொண்டும்.

அச்சு ஆடத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வருகிறது. தளர்ந்த பள்ளத்தில் உருளும் அச்சு, சேசிஸுக்கு மின்சாரத்தை உறுதியாகக் கொடுக்குமா? கொடுக்காது. எனவே சக்கரத்தின் பின்புறத்தை நேரடியாகத் தொடும் வைப்பர் வேண்டும். அதற்கு மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகடு நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தகட்டை விடத் தபால் செலவு அதிகம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் "அண்ணே, வேலை செய்யாத பழைய ரிலே ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "எரிஞ்சு போனதா? அதை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றவர் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ரிலேயின் உள்ளே காண்டாக்ட்டைத் தாங்கும் இலைத்தகடுகள் இருக்கின்றன அல்லவா, அவை ஸ்பிரிங் குணமுள்ள செம்புக் கலவை. மின்சாரம் கடத்துவதற்கென்றே செய்தவை. அதை 0.6 மி.மீ. அகலக் கீற்றாக வெட்டி, சேசிஸின் அடியில் ஒட்டிய செம்புப் பூச்சுப் பலகைத் துண்டில் சால்டர் வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் நான்கு கீற்று. அழுத்தம்தான் இங்கே சூட்சுமம். கீற்றைச் சக்கரம் தள்ளும்போது அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் வளைய வேண்டும். அதற்கு மேல் போனால் பிரேக் போட்டது போல் ஆகிவிடும்.

வோர்மைக் கழற்றிவிட்டால் சேசிஸ் கையால் தள்ளும்போது உருளும். அந்த நிலையில், இரண்டு பக்க வைப்பர்களுக்கு நடுவே ஒரு எல்இடியும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தற்காலிகமாக மாட்டி, 12 வோல்ட் கொடுத்த தண்டவாளத்தில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். விளக்கு எங்கே கண் சிமிட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஸ்லீப்பரில் ஒரு புள்ளி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் சின்னச் சின்ன அறுபடல்களை அதன் சுழற்சி மறைத்துவிடும், எல்இடி எதையும் மறைக்காது. லேஅவுட் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டு போனதில் ஒன்று தெளிவானது. பாதிக்கு மேல் புள்ளிகள் பாயிண்டுகளில்தான்.

பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் மூக்கை மாடல்காரர்கள் ஃபிராக் என்பார்கள். அது பிளாஸ்டிக்காக இருந்தால் வயரிங் சுலபம், ஆனால் அந்த இடத்தில் மின்சாரம் இல்லை. எட்டுச் சக்கர டீசல் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடும். நம் இன்ஜினின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒன்று பிளாஸ்டிக்கில் இருக்கும்போது மற்றது கொஞ்சம் அழுக்கில் இருந்தால் கதை முடிந்தது. பாயிண்டுகளை உலோக ஃபிராக் உள்ளவையாக மாற்றினேன். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப ஃபிராக்கின் துருவமும் மாற வேண்டும். பாயிண்டை நகர்த்தும் கம்பியே ஒரு சிலைடு சுவிட்சையும் தள்ளும்படி வைத்தால் இரண்டும் ஒரே அசைவில் முடிந்துவிடும். மோட்டார், சர்வோ ஒன்றும் வேண்டாம். பலகையின் முன்விளிம்பில் ஒரு குமிழ், கையால் தள்ளுவது. டார்ஜிலிங்கின் இசட்டிலும் ஆள் நின்று கையால்தான் பாயிண்டைப் போடுகிறார்.

எடை. நிஜ பி கிளாஸ் சுமார் 15 டன். 76.2இன் கனத்தால் (76.2 × 76.2 × 76.2) வகுத்தால் 34 கிராம் வருகிறது. என் சேசிஸும் உடலும் சேர்ந்து 36 கிராம் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் திருப்திப்பட வேண்டிய எண். ஆனால் அழுக்கும் ஆக்சைடும் எடையோடு சேர்ந்து சுருங்குவதில்லையே. ஒரு சக்கரத்தின் மேல் 9 கிராம் மட்டும் அழுத்தினால் அது தூசியை நசுக்காமல் அதன் மேல் மிதந்து போகும். ஏற்றத்தில் இழுவையும் போதாது. 36 கிராமில் லூப்பில் ஒரு பெட்டியோடு சரி, இரண்டாவது பெட்டியை மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

தண்ணீர்த் தொட்டி வெறும் கூடு. அதை நிரப்ப டங்ஸ்டன் கிடைத்தால் பிரமாதம், அடர்த்தி 19க்கு மேல். ஈயம் 11.3. பித்தளை 8.5 பக்கம். காசிமேட்டில் மீன்பிடி வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக்குண்டு மலிவு. சுத்தியலால் தகடாகத் தட்டி, தொட்டியின் வளைவுக்கு வளைத்து, அடுக்கடுக்காக ஒட்டினேன். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஈயத்தை ஒட்டவே கூடாது. அந்தப் பசையில் இருக்கும் அமிலத்தன்மை ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி பருமனில் பெருக்கும், வருடங்கள் கழித்து மாடலின் உடலை உள்ளிருந்து பிளந்துவிடும். மாடல் உலகில் இப்படி வெடித்த இன்ஜின்களின் படங்கள் நிறைய உண்டு. இரண்டு டியூப் எபாக்சி போதும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் டீ கிளாஸைத் தொட வேண்டும், அரத்தூளை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

எவ்வளவு சேர்த்தோம் என்பதைவிட எங்கே சேர்த்தோம் என்பது முக்கியம். ஒரு பென்சிலைப் படுக்க வைத்து இன்ஜினை அதன் குறுக்கே வைத்தால், இரண்டு அச்சுக்கும் சரிநடுவில் அது தராசு முள் போல் நிற்க வேண்டும். பி கிளாஸில் ஓட்டுநர் கூண்டு பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே எடை ஏறினால் முன் சக்கரங்கள் பாரம் இழக்கும். அதனால் புகைப்பெட்டிக்குள்ளும் தொட்டியின் முன்பாதியிலும் அதிகம் வைத்தேன். கடைசியில் 58 கிராம். அதே லூப், அதே 30க்கு 1, மூன்று பெட்டிகள் தயங்காமல் ஏறின. நிஜ இன்ஜினும் மூன்று நான்கு பெட்டியோடுதான் மலையேறியது என்பதால் இதற்கு மேல் பேராசைப்படவில்லை.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்கு இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு பி கிளாஸ் நிற்கிறது, அங்கே எடுத்த படங்களையும் வெளியான வரைபடங்களையும் வைத்து ஃப்ரீகேட் என்ற வரைமென்பொருளில் வரைந்து ரெசினில் 3டி பிரின்ட் எடுத்தேன். மெல்லிய அடித்தளம் வாழையிலை போல் வளைந்து வந்தது. வெந்நீரில் முக்கிக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தி ஆறவிட்டதும் நேரானது. பிரைமர், நீலம், ஓரக்கோடு. ரெசின் தடிமனை 0.8 மி.மீ.க்கு இறக்கியது அழகுக்காக அல்ல, உள்ளே ஈயத்துக்கு இடம் பிடிக்கத்தான்.

கன்ட்ரோலரின் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகையான டிகோடர் நிலக்கரிப் பெட்டிக்குள். 8 மி.மீ.க்கு 6 மி.மீ. அளவில் டிகோடர்கள் வருகின்றன. ஸ்பிளிட் சேசிஸில் டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) போடும்போது மோட்டாரைச் சேசிஸிலிருந்து முழுக்கத் தனிமைப்படுத்துவதுதான் முக்கால்வாசி வேலை. பிரஷ்ஷின் பித்தளைக் காது சேசிஸைத் தொடும் பள்ளத்தை ஆழமாக்கி, மோட்டாரைக் கேப்டன் (Kapton) என்ற மின்காப்பு டேப்பால் சுற்றினேன். மாட்டிய பிறகு மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு சேசிஸ் பாதிக்கும் தொடர்பு இல்லை என்பதைப் பார்த்த பின்தான் டிகோடரைத் தொட வேண்டும். ஒரு சிறு தொடர்பு மிச்சமிருந்தாலும் டிகோடர் புகைந்துவிடும். சிவப்பு வயர் வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். சிவப்பையும் கறுப்பையும் சேசிஸில் அல்ல, வைப்பர் பலகையில் நேராகச் சால்டர் வைத்தேன். சேசிஸ் வழி வரும் மின்சாரம் இனி தேவையில்லை.

இந்த மூன்று துருவ மோட்டார் மெதுவாக ஓட முடிந்ததற்குக் காரணம் டிகோடரின் பேக் ஈஎம்எஃப். ஒரு நொடியில் பலமுறை மோட்டாருக்கான மின்சாரத்தை நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உற்பத்தி செய்யும் வோல்ட்டை அளந்து, வேகம் குறைந்திருந்தால் கூடுதலாகத் தள்ளும். இதற்கும் தொடர்ச்சியான மின்சாரம்தான் அடிப்படை. டிகோடருக்கே மின்சாரம் அறுந்தால் அது எதை அளக்கும்?

மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்துத் தரும் கெப்பாசிட்டர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஸ்டே அலைவ் என்று விற்பதும் அதுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் 88 கி.மீ., ரயில் எடுத்துக்கொள்வது ஏழு மணி நேரத்துக்கும் மேல். சராசரி 12 கி.மீ. வேகம் என்று வைத்தால் மாடலில் நொடிக்கு 44 மி.மீ. ஓட்டுநர் கூண்டின் கூரைக்கு அடியில் நான்கைந்து டான்டலம் கெப்பாசிட்டர் வைத்து 1000 மைக்ரோ ஃபாரட் சேர்க்கலாம். வோல்ட் 6 இறங்கும்வரை அது தாங்கும், மோட்டார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் 0.12 நொடி கிடைக்கும். அதற்குள் இன்ஜின் நகர்வது 5 மி.மீ. தூசியைத் தாண்ட அது போதும், பிளாஸ்டிக் ஃபிராக்கைத் தாண்டப் போதாது. நான் போட்டிருக்கிறேன், 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் சேர்த்து. ஆனால் அதை நம்பி மற்ற வேலைகளை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கெப்பாசிட்டரைவிட நூறு மடங்கு பலன் தந்தது முதல் பெட்டி. பெட்டியின் ஒவ்வொரு சக்கர ஜோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் அச்சிலிருந்து காப்பிடப்பட்டிருக்கும். முன் போகியில், அதாவது பெட்டிக்கு அடியில் முன்பக்கம் இருக்கும் சக்கரத் தொகுதியில், காப்பு இல்லாத சக்கரங்கள் எல்லாம் வலது பக்கம் வரும்படி வைத்தேன், பின் போகியில் இடது பக்கம். அச்சின் மேல் மெல்லிய செம்புக் கம்பி உரசி மின்சாரம் எடுக்கிறது. அதிலிருந்து இன்ஜினுக்கு இரண்டு வயர். பாழான இயர்போனைப் பிரித்தால் உள்ளே நூல் போல் நெளியும் இனாமல் பூசிய வயர் கிடைக்கும். சால்டர் முனையில் கொஞ்ச நேரம் பிடித்தால் இனாமல் எரிந்து ஈயம் பிடித்துக்கொள்ளும். வளைவில் இழுக்காத வயர் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

இப்படிச் செய்தால் இன்ஜினும் முதல் பெட்டியும் நிரந்தரமாகச் சேர்ந்தே இருக்கும். வேறு பாதை என்றால் இது பெரிய குறை. கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் இசட் ரிவர்ஸில் யாரும் இன்ஜினைக் கழற்றுவதில்லை. முதல் முட்டுச்சந்தில் நின்றதும் இன்ஜின் அப்படியே பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிறது, இரண்டாவது முட்டுச்சந்தில் நின்று மறுபடி முன்னால் இழுக்கிறது. இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே கொக்கிக்குப் பதில் வளையாத பித்தளைக் கம்பி ஒன்றைப் போட்டதில் தள்ளும்போதும் பெட்டி தடம்புரள்வதில்லை. மற்ற பெட்டிகளுக்கு நடுவே 2 மி.மீ. நியோடிமியம் காந்தம். தள்ளும்போது கடைசிப் பெட்டி லேசாக இருந்தால் வளைவில் ஏறிவிழும் என்பதால் பெட்டிகளின் தரைக்கு அடியிலும் கொஞ்சம் ஈயம் உண்டு. ஒவ்வொன்றும் 18 கிராம், அதற்கு மேல் ஏற்றினால் இன்ஜின் முனகும்.

கன்ட்ரோலர் கடையில் வாங்கவில்லை. ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையும் அதன் மேல் பொருந்தும் மோட்டார் ஷீல்டும் வைத்து டிசிசி-ஈஎக்ஸ் மென்பொருள் ஏற்றினால் கமாண்டு ஸ்டேஷன் தயார். வைஃபை மூலம் பழைய ஆண்ட்ராய்டு போனில் எஞ்சின் டிரைவர் செயலியே கைப்பிடி. ஷீல்டின் பின்புறம் வின் கனெக்ட் என்று குறித்த இணைப்பை வெட்டாமல் அதிக வோல்ட் கொடுத்தால் ஆர்டுயினோ போய்விடும், அதை மட்டும் மறக்காதீர்கள். அடாப்டர் 15 வோல்ட்; ஷீல்டில் கொஞ்சம் விழுந்து தண்டவாளத்துக்கு 13 பக்கம் போகிறது. இந்த அளவு இன்ஜினுக்கு அது தாராளம்.

டிகோடரின் அமைப்புகளை சிவி என்ற எண்களால் குறிப்பார்கள். சிவி5 என்பது உச்ச வேகம். 255இல் 80 என்று வைத்ததும் போனில் விரலை மேல்வரை இழுத்தாலும் ரயில் பறக்காது. வேகமெடுப்பதற்கான சிவி3இல் 18, வேகம் குறைவதற்கான சிவி4இல் 12. புறப்படுவதும் நிற்பதும் கனமான வண்டி போல் தெரியும். சிவி2 இன்ஜின் அசையத் தொடங்கும் வோல்ட். இதை ஒவ்வொன்றாக ஏற்றி, போனில் முதல் படியிலேயே சக்கரம் நகரும் இடத்தில் நிறுத்தினேன். நிஜ வேகத்துக்குச் சரிபார்க்க ஒரு மீட்டர் தூரத்தை அளந்து கடிகாரம் பிடிப்பதுதான் எளிய வழி: 23 நொடி. அம்மா ஹாலைத் தாண்டும்போது ரயில் லூப்பில் ஏறிக்கொண்டிருந்தது. "ஏன்டா, பேட்டரி தீந்துபோச்சா?" என்றார். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது.

பராமரிப்பில் பெரிய எதிரி சமையலறை. ஹாலும் சமையலறையும் ஒட்டியிருக்கும் வீட்டில் தாளிப்பு எண்ணெய்ப் புகை தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத படலமாக உட்காரும், ஃபேன் தூசி அதில் ஒட்டும், சக்கரம் அதை உருட்டிக் கறுப்புத் தார் ஆக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் நனைத்துத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில்தான் அழுக்கு குடியேறும். 4பி பென்சில் கரியைத் தண்டவாளத்தின் மேல் லேசாகத் தேய்ப்பது நல்லது என்பார்கள். சமதளத்தில் நன்றாகவே உதவுகிறது. ஏற்றத்தில் தேய்த்தால் சக்கரம் வழுக்கும். பயன்படுத்தாதபோது லேஅவுட்டின் மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருக்கும். இது எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தருகிறது.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் எடுத்து அச்சுக்கு ஒரு பொட்டு. அதற்கு மேல் விட்டால் அது வைப்பர் வரை ஊர்ந்து வந்து மறுபடியும் பழைய கதைதான். தண்டவாளத்தின் பக்கத்தில் போட்ட ஜல்லிப் பொடியையும் நன்றாக ஒட்டி, ஒட்டாததை வாக்குவம் போட்டு எடுத்துவிட வேண்டும். நிஜ பி கிளாஸின் முன்விளிம்பில் இருவர் உட்கார்ந்து சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவார்கள். என் இன்ஜினிலும் அந்த இருவர் இருக்கிறார்கள், 1:76 பொம்மைகளாக. கையில் இருப்பது பெயின்ட் மட்டுமே. ஒரு மணல் துகள் கியருக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது வால்வ் கியர். இப்போது சைட் ராட் மட்டும்தான் ஆடுகிறது, சிலிண்டரிலிருந்து வரும் கனெக்டிங் ராட்டும் மேலே உள்ள மெல்லிய கம்பிகளும் இல்லாமல் பக்கவாட்டில் பார்த்தால் பாதி உடையோடு நிற்பது போலத்தான் இருக்கிறது. 0.25 மி.மீ. நிக்கல் சில்வர் தகட்டில் ராட்களை அறுத்துவிட்டேன். பின்களுக்குத் தையற்கடைக் குண்டூசி. வலது பக்கத்தை மட்டும் முதலில் மாட்டி அதே முதல் படி வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு சுற்றில் ஓர் இடத்திலாவது தயங்கினால் கழற்றித் துளையைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டுத்தான் இடது பக்கத்துக்குப் போவது.